பதினோராம் கேள்வி

எனக்கு அமெரிக்காவில் வாக்கு இல்லை. அந்த நாட்டில் நான் கால் வைத்ததும் இல்லை. இருந்தாலும் இந்த வருட இடைக்காலத் தேர்தலுக்கு முன்னால், அங்கே ஒரு மாநிலத்தில் வாழும் தமிழ் வாக்காளர்களில் நாற்பது பேர் வரையில் திடீரென்று கோபதாபம் இல்லாத, எதற்கும் அளவாகத் தலையாட்டுகிற சாதுக்களாக மாறினார்கள் என்றால், அதற்கு நான்தான் காரணம். பாரிஸ் லா ஷப்பலில், படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு கடையின் பின்னறையில் இருந்துகொண்டு ஐந்து ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அதைச் செய்து முடித்தேன்.

கடை என்று சொன்னால் முதலாளி அண்ணைக்குப் பிடிக்காது. பிரெஞ்சில் 'பூரோ', அலுவலகம், என்பார். மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஏறிப் போகும் தெருவில், ஒரு புடவைக் கடைக்கும் கைபேசி திருத்தும் கடைக்கும் நடுவில் எங்கள் பூரோ. இரண்டு மேசை, ஒரு பிரதி எடுக்கும் இயந்திரம், கடவுச்சீட்டுப் படம் எடுக்க ஒரு வெள்ளைத் திரை. பிரெஞ்சில் வந்த கடிதத்தைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஆட்கள் வருவார்கள். நான் வாசித்துச் சொல்வேன். பிறகு அவர்கள் சொல்லச் சொல்லப் படிவத்தை நிரப்புவேன். யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வந்தவள், பதினெட்டு வருடமாக இந்த வேலைதான்.

படிவம் நிரப்புவது எழுத்து வேலை என்று பலர் நினைக்கிறார்கள். வந்தவர் சொல்வதில் எதை எழுதாமல் விடுவது என்பதுதான் வேலை. வீடு மாறிய காரணம் என்ன என்று ஒரு பெட்டி இருக்கும். வந்தவர் மச்சானோடு பட்ட சண்டையை, மச்சான் எறிந்த சட்டியின் நிறத்தோடு சொல்லத் தொடங்குவார். நான் 'குடும்பக் காரணம்' என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். பிரெஞ்சு தெரியுமா என்று ஒரு பெட்டி. நன்றாகத் தெரியும் என்றால் சோதித்துப் பார்ப்பார்கள், தெரியாது என்றால் வகுப்புக்கு அனுப்புவார்கள். நான் 'ஓரளவு' என்று போடுவேன். அந்தச் சொல்லைப் படிக்கிற உத்தியோகத்தருக்குச் சந்தோசமும் வராது, சந்தேகமும் வராது. இந்த நகரத்தில் எத்தனையோ குடும்பங்கள் 'ஓரளவு' என்ற சொல்லின் மேல்தான் வீடு கட்டிக் குடியிருக்கின்றன.

முதலாளி அண்ணை மன்னார்க்காரர். உலகத்தில் எங்கே தேர்தல் நடந்தாலும் அவருக்கு அன்றைக்கு வேலை ஓடாது. அமெரிக்கத் தேர்தலை எனக்கு விளங்கப்படுத்தியதும் அவர்தான்.

"இது ஜனாதிபதியை மாத்திற தேர்தல் இல்லைத் தங்கச்சி. அவர் இருப்பார். அவருடைய கையைக் கட்டுறதோ, அவிட்டு விடுறதோ எண்டதுதான் கேள்வி. நாலு வரியத்துக்கு நடுவிலை வாறது. கீழ்ச்சபை முழுக்க, மேல்சபையிலை மூண்டிலை ஒரு பங்கு."

"ஆர் வெல்லுவினம் அண்ணை?"

"கழுதை."

அங்கே இரண்டு பெரிய கட்சிகள். ஒன்றுக்கு யானை அடையாளம், மற்றதற்குக் கழுதை. இப்போது ஆட்சியில் இருப்பது யானை. கட்சிகளின் முழுப் பெயரைச் சொல்லி மினக்கெட அண்ணைக்கு நேரமில்லை.

"நடுவிலை வாற தேர்தலிலை ஆளுற கட்சிக்கு அடி விழுறது அங்கத்தை வழமை. சாமான் விலையும் இறங்கேல்லை எண்டு சனம் புறுபுறுக்குது. கீழ்ச்சபையைக் கழுதை பிடிக்கும். மேல்சபையை யானை லேசிலை விடாது, பாருங்கோ."

"எங்கட பக்கம் ஒரு கட்சிக்குக் கழுதைச் சின்னம் குடுத்தால் வழக்கெல்லோ போடுவினம்."

"அது யாழ்ப்பாணத்திலை." அண்ணை கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "எங்கட தெருவெல்லாம் கழுதைதான். மன்னாரானுக்குக் கழுதையைப் பற்றி ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. மெள்ளமாத்தான் வரும். ஆனா ரோட்டை மறிச்சுதெண்டால் பஸ்ஸும் நிக்கும், அரசாங்கக் கச்சேரி ஜீப்பும் நிக்கும்."

அவருடைய கணிப்பில் அரசியல் அறிவு எவ்வளவு, ஊர்ப்பற்று எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது, அங்கே படிக்கும் என் மகளைப் பற்றிய வேறு ஒரு விடை.

"கழுதை வெண்டால் பிள்ளை நத்தாருக்கு வந்திட்டுப் போகலாமோ அண்ணை?"

அவர் உடனே பிரதி இயந்திரத்தில் தாள் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். "தேர்தல் முடியட்டும், பாப்பம்" என்றார் அங்கிருந்து.

எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். மாதா கோயிலில் சுவாமியார், நாங்கள் குடியிருக்கும் செவ்ரானில் எங்கள் மேல்மாடிக்காரி, வீட்டில் என் மனிசன். தேர்தல் முடியட்டும், பாப்பம்.

என் மகள் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். வாக்காளர்கள் என்ன நினைக்கிறார்கள், நினைத்ததைத்தான் சொல்கிறார்களா என்பது அவளுடைய ஆய்வு. பாரிசில் பிறந்தவள். தமிழ் விளங்கும், கதைப்பாள், கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு. போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விடுமுறையில், வீட்டுக்கு வந்தாள். தை மாதம் திரும்பிப் போனபோது அந்த நாட்டு விமான நிலையத்தில் அவளை வரிசையிலிருந்து எடுத்து ஓர் அறையில், ஒரு கதிரையில் இருத்தினார்கள். ஐந்து மணித்தியாலம். பிறகு போகலாம் என்றார்கள். ஏன் இருத்தினார்கள் என்றும் சொல்லவில்லை, ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை.

நடந்தது அவ்வளவுதான். ஒருவரும் அவளை அதட்டவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்தார்களாம். ஆனால் அந்த ஐந்து மணித்தியாலமும் நான் அனுப்பிய செய்திகளுக்குப் பக்கத்தில் ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் நின்றது, ஒன்றும் போய்ச் சேரவில்லை. முன்னொரு காலத்தில், வந்து இறங்கியபோது, நானும் இந்தப் பிரான்ஸ் நாட்டு விமான நிலையத்தில் ஒரு கதிரையில் இருந்தவள். அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்கு வராத பயம், அவள் இருந்தபோது வந்தது. இன்னும் போகவில்லை. அவள் கைபேசியை அணைத்துவிட்டுப் படுத்திருந்தாலும், ஒற்றைச் சரியைக் கண்டால் விடாமல் அழைத்துக்கொண்டே இருப்பேன்.

இந்த வருடம் அவள் நத்தாருக்கு வருவதென்றால் நவம்பர் நடுவுக்கிடையில் பல்கலைக்கழகத்தில் விசாத் தாளில், திரும்பி உள்ளே வருவதற்கான பயணக் கையெழுத்து வாங்க வேண்டும். வரலாமா, வரக்கூடாதா? வா என்று சொல்ல எனக்குப் பயம். வராதே என்று சொல்ல வாய் வராது. ஆகவே அமெரிக்க வாக்காளர்களின் மனநிலையில் எனக்குப் பெரிய அக்கறை வந்தது.

இந்த நிலையில்தான் அவளே ஓர் உதவி கேட்டாள்.

"அம்மா, இஞ்சை வயசான தமிழ் ஆக்கள் நாங்கள் இங்கிலீசிலை எடுத்தால் போனை வைச்சிடுகினம். உங்களோட எண்டால் கதைப்பினம். பத்துக் கேள்விதான். செய்வீங்களா?"

அவள் வசனத்தை முடிக்க முன்னம் ஓம் என்றுவிட்டேன்.

முதலில் இணையத்தில் ஒரு பயிற்சி இருந்தது. மூன்று மணித்தியாலம். முக்கியமான விதிகள் மூன்று. கேள்வியை எழுதியிருப்பது போலவே வாசிக்க வேண்டும். விடையை எடுத்துக் கொடுக்கக்கூடாது. பட்டியலில் இல்லாத கேள்வியைக் கேட்கக்கூடாது. கடைசியில் ஒரு பரீட்சை. முழுப் புள்ளி எடுத்தேன். சான்றிதழ் வந்தது. அண்ணை அதை வண்ணத்தில் அச்சடித்து, பூரோவின் அனுமதிப் பத்திரத்துக்கும் கோயில் கலண்டருக்கும் நடுவில் ஒட்டினார். "இப்ப நாங்கள் சர்வதேசம்" என்றார்.

மூன்று விதியையும் முதல் ஞாயிற்றுக்கிழமையே மீறினேன். வேண்டுமென்று செய்யவில்லை. முதல் இரண்டையுமாவது வேண்டுமென்று செய்யவில்லை.

வீட்டில் என் மனிசனுடைய தொலைக்காட்சிச் சத்தம் என்பதால் அண்ணை பின்னறைப் பூட்டின் திறப்பைத் தந்தார். தமிழ்ப் பூசை முடிந்து, ஒரு ரோல்சும் பிளேன்டீயும் எடுத்துக்கொண்டு மூன்று மணிக்குப் போய் இருப்பேன். அங்கே காலை ஒன்பது. கணினி தானாக இலக்கத்தை அழைக்கும். பெயர் தெரியாது, குரல் மட்டும்தான்.

முதலாவது ஆள் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. இந்த உரையாடல் ஆய்வுக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று நான் வாசித்தவுடன் மறுபக்கத்தில் குரல் கடுமையாகிவிட்டது.

"ஆருடைய ஆக்கள் நீங்கள்?"

"பல்கலைக்கழகம் ஐயா. பதிவெண்டது சும்மா சட்டத்துக்குச் சொல்லுறது. பயப்பிடாதேங்கோ."

"நீங்கள் எந்த ஊர்?"

பட்டியலில் இல்லாத கேள்வியைக் கேட்டவர் அவர். நான் விடைதான் சொன்னேன். ஊர், பள்ளிக்கூடம், ஆர் வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று பத்து நிமிடம் போனபிறகு அவர் என்னை நம்பினார். நாடு சரியான வழியில் போகிறதா என்று கேட்டேன்.

"சரியான வழியோ? இவங்கள் எல்லாரையும் வரிசையிலை நிப்பாட்டி…"

பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தரத்தில் நிற்கிற ஒரு மனுசன் ஒரு படிவத்துக்கு முன்னால் இப்படிக் கதைத்தால் நான் பூரோவில் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன்.

"ஐயா, உப்பிடிச் சொல்லாதேங்கோ. 'ஓரளவு உடன்படவில்லை' எண்டு போடுவமே?"

"போடுங்கோ பிள்ளை. உங்களுக்குத் தெரியுந்தானே" என்றார், மிகுந்த மரியாதையோடு.

அன்றைக்குத் தொடங்கியது. கோபமாய் வந்தவர்களைத் தணித்தேன். அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தவர்களையும், அது வால்பிடிப்பது போல இருக்கிறது என்று சொல்லி, கொஞ்சம் இறக்கினேன். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற பொறியியலாளர், யானைக்கு உயிரையே கொடுப்பவர். "மேடம், கண்ட்ரி சூப்பரா போயிட்டிருக்கு. நான் ஸ்ட்ராங்கா சொல்றேன், ஸ்ட்ராங்லி அக்ரின்னே போடுங்க" என்றார். அவருக்குக் கேட்டதையே போட்டேன். பொறியியலாளர்கள் பிறகு சரிபார்ப்பார்கள்.

மூன்றாவது விதியை மீறியதற்கு எனக்குச் சாட்டு ஒன்றும் இல்லை. பத்தாவது கேள்வி முடிந்ததும் திரையில் 'முடிந்தது' என்று ஒரு பச்சைப் பொத்தான் வரும். அதை அழுத்தினால் விடைகள் போய்விடும். பதிவும் அதோடு நின்றுவிடும் என்று நான் நினைத்தேன். அழுத்திவிட்டு, குரலை இறக்கி, என்னுடைய கேள்வியைக் கேட்பேன்.

"இன்னுமொரு சின்னக் கேள்வி. உங்கட மகள் அங்கை விசாவிலை படிக்கிறா எண்டு வையுங்கோ. நத்தாருக்கு வெளிநாடு போயிட்டுத் திரும்பி வர விடுவியளோ? ஓம், இல்லை, ரெண்டிலை ஒண்டு."

பத்துக் கேள்விக்கும் அவர்கள் சொன்ன விடைகளை நான் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒருவருக்கும் 'ஓரளவு' கொடுக்கவில்லை.

நாடு சூப்பராகப் போகிறது என்ற பொறியியலாளர் குரலை இறக்கினார். "உங்க பொண்ணா மேடம்?" என்றார். "இல்லை, பொதுவாக் கேக்கிறன்" என்றேன். "வேண்டாம் மேடம். இந்த டைம்ல வேண்டாம். ரிஸ்க் எடுக்காதீங்க." பிறகு, "இதைப் போட்டுடாதீங்க" என்றார்.

மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. நாடு நாசமாய்ப் போய்விட்டது, கழுதைக்கு நான்கு முறை வாக்குக் குத்த விட்டால் நான்கு முறையும் குத்துவேன் என்று அரை மணித்தியாலம் பொரிந்தவர். அவரிடம் கேட்டால், "வரச் சொல்லுங்கோ அக்கா, என்ன பிடிச்சுத் திண்டுபோடுவாங்களோ? என்ர மருமகன் போன மாசமும் போயிட்டு வந்தவன்" என்று சிரிக்கிறார்.

ஒவ்வொரு ஞாயிறும் இப்படி. எல்லாம் நல்லது என்றவர்களில் பாதிப் பேர் பிள்ளையை விடமாட்டார்கள். எல்லாம் கெட்டது என்றவர்களில் பாதிப் பேர் விடுவார்கள். கொப்பியில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதி வந்தேன். ஒரு பக்கமும் வெல்லவில்லை. திங்கட்கிழமை அண்ணையிடம் காட்டினால் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"இதிலை கழுதை எங்கை, யானை எங்கை?"

"ரெண்டும் ரெண்டு பக்கமும் நிக்குது அண்ணை."

"அப்ப பிழையாக் கேட்டிருக்கிறியள்" என்று கொப்பியைத் திருப்பித் தந்தார்.

ஒரேயொருவர்தான் விடையே சொல்லவில்லை. ஓய்வுபெற்ற ஒரு தாதி. பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. பத்துக் கேள்விக்கும் பத்துச் சொல்லில் விடை சொன்னார். 'ஓரளவு' என்று நான் எடுத்துக் கொடுத்தபோது, "நான் சொன்னதைப் போடும் பிள்ளை, உம்மைக் கேட்டனானே?" என்று வெட்டினார். பதினோராவதைக் கேட்டவுடன் அடுப்பை அணைத்தார் போல, சத்தம் நின்றது.

"உம்முடைய மகளோ?"

பொய் சொல்ல வரவில்லை. "ஓம்."

"அவவைக் கேட்டனீரோ?"

"என்னத்தை?"

"இதைத்தான். ஊரெல்லாம் கேக்கிறீர். அவவைக் கேட்டனீரோ?"

நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். கொப்பியில் அந்த ஆளை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

அதற்கடுத்த புதன்கிழமை மத்தியானம் மகள் பூரோவுக்கே அழைத்தாள். குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"அம்மா, ஒரு விசயம். மற்ற ஆக்கள் எடுத்த இன்டர்வியூ எல்லாத்திலையும் சனம் கத்துது. உங்கட நாற்பது பேருக்கும் கோவமே வாறேல்லை. ஒண்டு ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் 'ஓரளவு'. எப்பிடி?"

"தமிழ் ஆக்கள் நிதானமானவை."

"அப்பாவைத் தெரியுமா உங்களுக்கு?"

நான் மேசையிலிருந்த படிவங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"அம்மா, நான் பதிவுகளைக் கேட்டனான். முழுக்க. போன் வைக்கும்வரைக்கும் பதிவாகும்."

பிறகு பிரெஞ்சு தொடங்கியது. அதை அப்படியே எழுத எனக்கு விருப்பமில்லை. விடைகளைத் திருத்தியது ஒரு குற்றம், அனுமதி இல்லாத கேள்வி கேட்டது பெரிய குற்றம், தன் பேராசிரியருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும், நாற்பது பேரையும் அழித்துவிட்டு, தேர்தலுக்கு முன் தானே திரும்ப எடுக்க வேண்டும், அவர்கள் திரும்பக் கதைப்பார்களோ தெரியாது. இவ்வளவையும் சொன்னாள். கடைசியில் தமிழுக்கு வந்தாள்.

"நான் ஆக்களுக்கு என்ன நினைக்கிறீங்கள் எண்டு கேக்கிறதுதான் என்ர வேலை அம்மா. நீங்கள் அவைக்கு என்ன நினைக்கவேணும் எண்டு சொல்லிக் குடுத்திருக்கிறீங்கள்."

வைத்துவிட்டாள். அண்ணை எழும்பிப் போய், சுவரிலிருந்த சான்றிதழின் மேல் கோயில் கலண்டரைக் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

பத்து நாள் அவள் அழைக்கவில்லை. நான் அனுப்பிய செய்திகளுக்கு இரண்டு சரி விழுந்தது, விடை வரவில்லை. ஒற்றைச் சரியைவிட இது மோசம் என்று முதல் தடவையாகத் தெரிந்துகொண்டேன். அந்தப் பத்து நாளும் பூரோவில் என் கை சரியாக ஓடவில்லை. ஒருவர் தன் மச்சான் எறிந்த சட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். நீலச் சட்டி. அவர் சொல்லி முடித்துவிட்டு, "அக்கா, நீங்கள் ஒண்டும் எழுதேல்லையே?" என்றார். அவருக்கே பயமாகிவிட்டது.

தாதி கேட்ட கேள்வி என்னை விடவில்லை. நான் கோயிலில் கேட்டேன், மாடிக்காரியைக் கேட்டேன், மன்னார்க்காரரைக் கேட்டேன், முகம் தெரியாத நாற்பது அமெரிக்கரைக் கேட்டேன். மகளிடம் கேட்டதெல்லாம் 'சாப்பிட்டியோ', 'குளிருக்குப் போட்டனியோ', 'கையெழுத்து வாங்கிறது எப்ப முடியுது'. அவளுக்கு விருப்பமா என்று கேட்டதில்லை. கேட்டால் விடை வந்துவிடுமே.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்குப் பின்னறையில் போய் இருந்தேன். கணினியைத் திறக்கவில்லை. என் கைபேசியில் அவளை அழைத்தேன். எடுத்தாள். நான் கொப்பியைத் திறந்து, பயிற்சியில் சொல்லித் தந்த குரலில் வாசித்தேன்.

"வணக்கம். இந்த உரையாடல் பதிவு செய்யப்படவில்லை. விருப்பமில்லாத கேள்விக்கு நீங்கள் விடை சொல்லத் தேவையில்லை."

"அம்மா, என்ன இது?"

"கேள்வியை எழுதியிருப்பது போலவே வாசிக்கிறேன். நத்தாருக்கு வீட்டுக்கு வர உங்களுக்கு விருப்பமா? மிகவும் விருப்பம், ஓரளவு விருப்பம், விருப்பமில்லை, சொல்ல விரும்பவில்லை."

அந்தப் பக்கத்தில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"விருப்பம்" என்றாள். பிறகு, "பயம்."

"என்னவாம்?"

"பயம் அம்மா. போறதுக்கில்லை. திரும்பி வாறதுக்கு. அந்தக் கதிரையிலை என்ர போனையும் வாங்கி வைச்சிட்டினம். நான் உங்களுக்குச் சொல்லேல்லை. சொன்னால் நீங்கள் நித்திரை கொள்ள மாட்டீங்கள் எண்டு."

தை மாதத்திலிருந்து நான் நித்திரை கொள்ளவில்லை என்பதை நானும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் 'ஓரளவு' போட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"ரெண்டு விடை வந்திருக்கு" என்றேன்.

"அப்ப 'ஓரளவு' எண்டு போடுங்கோ. உங்கட சொல்லுத்தானே."

நான் அதைப் போடவில்லை. 'விருப்பம். பயம்.' என்று அவள் சொன்ன ஒழுங்கிலேயே எழுதினேன். எழுதியதை வாசித்தும் காட்டினேன். "சரியோ?" என்றேன். "சரி" என்றாள்.

அதற்குப் பிறகுதான் கதைத்தோம். நாற்பது பேரையும் அவள் திரும்ப அழைக்கத் தொடங்கிவிட்டாளாம். தன் உடைந்த தமிழில் கேட்கிறாளாம். "என்ர தமிழைத் திருத்திற அவசரத்திலை உண்மையெல்லாம் சொல்லிப்போடுகினம். அந்த ஐயா வரிசையிலை நிப்பாட்டிற கதையை முழுக்கச் சொன்னவர். பேராசிரியருக்கு நல்ல சந்தோசம்." பிறகு, "அந்த நர்ஸ் அம்மா மகள் நான்தான் எண்டு கண்டுபிடிச்சிட்டா. உங்களைச் சுகம் கேட்டவ. 'கொம்மா கேட்டிட்டாவோ?' எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனீ?"

"இன்னும் இல்லை எண்டு."

நான் கொப்பியில் அவள் சொன்ன விடைக்குக் கீழே ஒரு கோடு போட்டேன்.

"அம்மா, நீங்கள் வாங்கோவன்" என்றாள். "நத்தாருக்கு. நான் இஞ்சை நிக்கிறன். உங்களிட்டைப் பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்குத்தானே, விசா தேவையில்லை."

"எனக்கும் பயமாக் கிடக்கு."

"அதையும் எழுதுங்கோ" என்றாள்.

அடுத்த நாள் காலை பூரோ திறந்ததும் நான் என் மேசைக்குப் போகவில்லை. அண்ணையின் மேசைக்கு முன்னால், வாடிக்கையாளர் இருக்கும் கதிரையில் இருந்தேன். அமெரிக்காவுக்கான பிரயாண அனுமதிப் படிவத்தை அவர் கணினியில் திறந்தார். இவ்வளவு காலமும் அந்தக் கதிரை ஒரு பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரியாது.

"பயண நோக்கம்?"

"மகளைப் பாக்க."

"'சுற்றுலா' எண்டு போடுவம். ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

"இல்லை அண்ணை. நான் சொன்னதைப் போடுங்கோ."

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். போட்டார்.

"அங்கை தொடர்புக்கு ஆர்?"

"மகள்தான்."

"அவ என்ன செய்யிறா எண்டு கேட்டால்? வாக்காளரைக் கேள்வி கேக்கிற வேலை எண்டு சொல்லப் போறியளோ?"

"கேட்டால் சொல்லுவன்."

அண்ணை பெருமூச்சு விட்டார். பதினெட்டு வருடமாக என்னைப் பழக்கியவர் அவர். எல்லாப் பெட்டியும் முடிந்ததும், அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

"நத்தாருக்குத்தானே போறியள். அதுக்குள்ளை தேர்தல் முடிஞ்சிடும். கழுதை வெண்டிருக்கும்."

"வெல்லாட்டி?"

அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்வார் என்று நினைத்தேன். பாப்பம் என்பார், தாள் பார்க்க எழும்பிப் போவார். அவர் எழும்பவில்லை.

"வெல்லாட்டியும் போங்கோ" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.